பெய்ரூட்டில் எழுந்த புயல்!

ஒரே ஒரு பெயர்! 1882ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பட்டமளிப்பு விழா மேடையிலே நின்று, பேராசிரியர் ஒருவர் அந்தப் பெயரை உச்சரித்தார். இழித்துரைக்கவில்லை, மதிப்போடு உச்சரித்தார். அவ்வளவுதான். ஆண்டு முடிவதற்குள் அவருடைய வேலை போயிற்று. அவருக்காகப் பரிந்து பேசிய மாணவர்கள் கல்லூரியினின்றும் விலக்கி வைக்கப்பட்டனர். நாற்பதாண்டுக் காலம் அந்த மண்ணிலே உழைத்து நரைத்த மூத்த ஆசான் ஒருவர், போதும் இந்தக் கல்லூரியின் உறவு என்று கூறிப் பதவியைத் துறந்தார். அந்தப் பெயர், சார்லஸ் டார்வின். அந்த இடம், மத்தியதரைக் கடலோரத்துப் பெய்ரூட் நகரம். அமெரிக்கப் பாதிரிமார் அமைத்த கல்லூரி.

மாணவர் கிளர்ச்சி என்றதும் பாரிசு நினைவுக்கு வருகிறது. பெர்லின் நினைவுக்கு வருகிறது. பெய்ரூட் நினைவுக்கு வருவதில்லை. அந்த நகரத்தின் பெயரைக் கேட்டதும் நம் கண்முன் தோன்றுவது 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சு. அல்லது 2020 ஆகஸ்டு 4ஆம் நாள் துறைமுகத்துக் கிடங்கிலே வெடித்து நகரையே உலுக்கிய அம்மோனியம் நைட்ரேட். இடிபாடுகளின் நகரம் என்றே அதனை எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த இடிபாடுகளுக்கும் அடியிலே, மண்ணைத் தோண்டத் தோண்ட, மாணவர்கள் நடந்த தெருக்கள் இருக்கின்றன - ஒரு நூற்றாண்டுத் தெருவல்ல, ஆயிரத்தைந்நூறு ஆண்டுத் தெரு!

ஆம்! ரோமப் பேரரசு ஆண்ட காலத்திலே, பெரிட்டஸ் என்று அழைக்கப்பட்ட அந்நகரம், சட்டக் கல்வியின் தலைநகரம். கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே அங்குச் சட்டம் பயிலச் சென்றவர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. எகிப்திலிருந்து வந்தனர், ஆசியா மைனரிலிருந்து வந்தனர், கிரேக்க மொழி பேசும் சீமான்களின் செல்வங்கள் கப்பலேறி வந்து இறங்கினர். வந்தவர்கள் இலத்தீன் மொழியிலே சட்டம் பயின்றனர். தாய்மொழி ஒன்று, நூலின் மொழி மற்றொன்று! பயின்றுவிட்டால் அரசாங்க அலுவல் காத்திருந்தது. ஆகவே பயின்றனர். அறிவு வேட்கையால் வந்தவர் சிலர். அலுவல் வேட்கையால் வந்தவர் பலர். அந்தக் கணக்கு எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பெரிதும் மாறியதாகத் தெரியவில்லை.

முதலாண்டு மாணவனுக்கு அங்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இரண்டு காசு பெறுமானமுள்ள ரோம நாணயம் ஒன்றின் பெயர் அது. 'இரண்டு காசுப் பயல்' என்று நம் ஊரிலே சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படி! மூத்த மாணவர்கள் இந்த இரண்டு காசுப் பயல்களைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. இன்று 'ராகிங்' என்கிறோமே, அதேதான். எந்த அளவுக்குப் போயிற்று என்றால், கி.பி. 533ஆம் ஆண்டிலே பேரரசன் ஜஸ்டினியன், சட்டக் கல்வியை ஐந்தாண்டுப் பாடமாகச் சீரமைத்து ஆணை பிறப்பித்தபோது, அந்த ஆணையிலேயே இதற்கும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. புதிதாக வரும் மாணவரையும் ஆசிரியரையும் இழிவுபடுத்துவது விளையாட்டல்ல, குற்றம் என்றான். பெரிட்டசு நகரிலே இதனைத் தடுக்கும் பொறுப்பு மாநில ஆளுநருக்கும், நகரின் ஆயருக்கும், சட்டப் பேராசிரியர்களுக்கும் உரியது என்றான். ஒரு பேரரசன், ஒரு ஆளுநர், ஒரு ஆயர், பேராசிரியர் கூட்டம் - இத்தனை பேரும் திரண்டால்தான் மூத்த மாணவனின் குறும்பை அடக்க முடியும் போலும்!

இரண்டு காசுப் பட்டப்பெயரும் பேரரசனுக்குப் பிடிக்கவில்லை. கேலிக்குரியது, ஒழிக்க என்றான். சரி, வேறு என்ன பெயர் வைப்பது? தன் பெயரையே வைத்தான். முதலாண்டு மாணவர்கள் இனிமேல் 'புதிய ஜஸ்டினியர்கள்' என்று அழைக்கப்பட வேண்டுமாம்! அரியணையிலே அமர்ந்தவர்களுக்கு ஊருக்கும் தெருவுக்கும் தம் பெயர் சூட்டும் ஆசை உண்டு என்பது நாமறிந்ததே. முதலாண்டு மாணவனையும் விட்டுவைக்காத ஆசை இது.

அந்த மாணவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அங்கேயே பயின்ற செக்கரியாஸ் என்பவர், தம் உடன்மாணவரும் பிற்காலத்தில் அந்தியோக்கியாவின் சமயத் தலைவராக உயர்ந்தவருமான செவேரஸ் என்பவரின் வரலாற்றை எழுதியிருக்கிறார். 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலே நடந்தவை அவை. வகுப்பு முடிந்ததும் குதிரைப் பந்தயம், கூத்து, குடி, சூது என்று கிளம்பியவர்களைப் பற்றிச் சொல்கிறார். வகுப்பு முடிந்ததும் திருச்சபைத் தந்தையரின் நூல்களைப் படிக்க அமர்ந்த தம் குழுவைப் பற்றியும் சொல்கிறார். சமயப் பற்று மிக்கவர் எழுதியது. எதிரிகளைக் கருப்பாகவும் தம்மவரை வெண்மையாகவும் தீட்டியிருப்பார் என்பதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆயினும் அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்று, மறக்கக் கூடியதல்ல.

எகிப்து நாட்டுத் தீப்சு நகரத்திலிருந்து வந்த சட்ட மாணவன் ஒருவன். ஒரு பெண்மீது மோகம் கொண்டான். அவள் இணங்கவில்லை. இணங்க வைக்க வழி என்ன? நீதி நூல் பயின்றவன், மந்திர நூலை நாடினான்! பேய்களை வசப்படுத்த நரபலி வேண்டும் என்று கண்டான். பலிக்கு ஆள்? வீட்டிலேயே இருந்தான் - எத்தியோப்பிய நாட்டு அடிமை. நள்ளிரவிலே பந்தய மைதானத்துக்கு அந்த அடிமையை அழைத்துச் சென்றார்கள். வெட்டும் நேரத்திலே யாரோ அவ்வழியே வர, பலியிட வந்தவர்கள் அஞ்ச, அடிமை தப்பினான். தப்பியவன் வாய் திறந்தான். மாணவர் சிலர் அவன் எசமானன் வீட்டுக்குள் புகுந்து தேடினர். நாற்காலியின் அடியிலே இரகசியப் பெட்டி; அதற்குள்ளே மந்திரச் சுவடிகள். பெட்டி இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்தவனும் அந்த அடிமையே. சுவடிகள் தீக்கிரையாயின.

நிகழ்ச்சியை எழுதியவர், கிறித்துவம் மந்திரத்தை வென்றது என்று பூரிக்கிறார். பூரிக்கட்டும்! நாம் வேறொன்றைக் காண்கிறோம். சட்டம் பயின்றோர் மாநகரம் அது. உல்ப்பியன், பாப்பினியன் போன்ற சட்ட மேதைகளின் நூல்களை வரிவரியாக ஓதிய இடம். உரிமை என்ன, உடைமை என்ன, ஒப்பந்தம் என்ன என்று ஐந்தாண்டு கற்பித்த இடம். கற்பித்த அந்தச் சட்டத்திலேயே, அடிமை என்பவன் உடைமைப் பட்டியலிலே இருந்தான். பலியிடத் துணிந்தவனும் படித்தவன்; அவனைப் பிடித்தவர்களும் படித்தவர்கள்; அந்த வீட்டிலே உயிருக்குத் தவித்தவன் ஒருவன்தான் எந்த வகுப்பறையிலும் நுழைய முடியாதவன்!

கி.பி. 551ஆம் ஆண்டு நிலம் நடுங்கிற்று; கடல் பொங்கிற்று; பெரிட்டசு அழிந்தது. சட்டப் பள்ளியைச் சீதோன் நகருக்கு மாற்றினார்கள்; பழைய புகழ் திரும்பவே இல்லை. அந்தப் பள்ளிக்கூடம் நின்ற இடம் எது என்று இன்றளவும் அறுதியிட்டுக் காட்டிய அகழ்வாராய்ச்சியாளர் எவருமில்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி வருவோம்.

19ஆம் நூற்றாண்டு. துருக்கிய சுல்தானின் ஆட்சியிலே பெய்ரூட். 1860இலே லெபனான் மலைப் பகுதியிலும் தமாஸ்கசு நகரிலும் மதத்தின் பெயரால் மனிதரை மனிதர் வெட்டி மடித்தனர். அந்தக் குருதி காய்வதற்குள், 1863இலே, புத்ருஸ் அல் புஸ்தானி என்ற அறிஞர் பெய்ரூட்டிலே தேசியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். எம்மதத்துப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து அரபு மொழியிலே கற்கலாம் என்றார். அகராதி தொகுத்தார், கலைக்களஞ்சியம் தொடங்கினார். அதே 1863இலேதான், அமெரிக்கப் பாதிரிமார் நியூயார்க் மாநிலத்திலே உரிமம் பெற்று, சிரிய புராட்டஸ்டண்டுக் கல்லூரிக்கு வித்திட்டனர். 1866 டிசம்பர் 3ஆம் நாள், 16 மாணவர்களோடு கல்லூரி திறந்தது. முதல்வர், டேனியல் பிளிஸ். அடுத்த ஆண்டு மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. பின்னர், ராஸ் பெய்ரூட் என்ற கடல்முனையின் மேட்டிலே நிலம் வாங்கினர். கீழே நீலக்கடல், கிழக்கே பனி மூடிய மலை. இன்று அங்கே அந்நாட்டு மரங்களோடு நம் ஆலமரமும் விழுதூன்றி நிற்கிறது.

1871 டிசம்பரிலே தலைமைக் கட்டடத்திற்குக் கால்கோள் விழா. பிளிஸ் ஆற்றிய உரையின் சாரம் இது: இந்தக் கல்லூரி எல்லா நிறத்தவருக்கும் எல்லா இனத்தவருக்கும் உரியது, கிறித்துவரும் யூதரும் முகம்மதியரும் பிறரும் நுழையலாம், பயன் பெறலாம், ஒரு கடவுளை நம்பியோ, பல கடவுளரை நம்பியோ, கடவுளே இல்லை என்று நம்பியோ வெளியேறலாம், ஆனால் நாங்கள் எதனை உண்மை என்று நம்புகிறோம் என்பதை அறியாமல் இங்கு நெடுநாள் இருக்க முடியாது. நல்ல பேச்சு! ஒரு பாதிரியார், 1871இலே, கடவுளை மறுப்பவனுக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அறிவிக்கிறார் என்றால், அதனைப் பாராட்டாமலிருக்க நாமென்ன பண்பற்றவர்களா? பாராட்டுவோம். ஆனால் பதினோராண்டு கழித்து அந்தப் பேச்சு எடைபோடப்பட்டது.

அந்நாளைய மாணவன் வாழ்வைச் சிறிது காண்போம். மலைக் கிராமத்து மரோனைட் கிறித்துவன், நகரத்துக் கிரேக்கத் திருச்சபையான், ட்ரூஸ் வகுப்பான், ஆர்மீனியன், முஸ்லிம், யூதன் - எல்லாரும் ஒரே விடுதி, ஒரே உணவு மேசை. அந்த அளவிலே அது ஒரு புரட்சிதான். 1860இன் வெட்டுப்பழி நினைவிலிருந்த நாடல்லவா! ஆனால் காலையும் மாலையும் வழிபாடு, ஞாயிறன்று தேவாலயம், விவிலிய வகுப்பு. எம்மதத்தவனும் தப்ப முடியாது. வருகைப் பதிவு உண்டு. பெண்ணுக்கு அங்கே இடமேயில்லை. 1905இலே செவிலியர் பள்ளி திறந்தபோதுதான் அந்த வாயில் சற்றே விலகிற்று. ஆடவரோடு அமர்ந்து பட்டப்படிப்புப் படிக்க அவள் 1920கள் வரை காத்திருந்தாள்.

ஒன்று மட்டும் உயர்த்திச் சொல்ல வேண்டும். அங்கே பாடமொழி அரபு! வேதியியல் அரபு மொழியிலே. வானியல் அரபு மொழியிலே. நோய்க்கூறும் மருந்தும் அரபு மொழியிலே. இதனைச் சாதித்தவர் கொர்னேலியஸ் வான் டைக். 1840இலே, 21 வயது இளைஞராகப் பெய்ரூட் வந்த அமெரிக்க மருத்துவர். அரபு மொழியைக் கற்றார். அந்த மக்களின் உடையையும் பழக்கத்தையும் மேற்கொண்டார். விவிலியத்தின் அரபு மொழிபெயர்ப்பை முடித்தார். பின்னர் அறிவியல் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக அரபு மொழியிலே எழுதினார். கல்லூரியிலே வானாய்வுக்கூடத்தை வளர்த்தார். இவரை அனுப்பிய அதே அமெரிக்கச் சங்கம்தான் 1847இலே யாழ்ப்பாணத்துக்கு சாமுவேல் கிறீன் என்ற மருத்துவரை அனுப்பிற்று. கிறீன் மானிப்பாயிலே தமிழிலே மருத்துவம் கற்பித்தார். தமிழிலே மருத்துவ நூல்களை வெளியிட்டார். தாய்மொழியிலே அறிவியலா, ஆகுமா என்று இன்றும் ஐயுறும் நண்பர்கள், பெய்ரூட்டையும் மானிப்பாயையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக!

அந்தக் கல்லூரியின் வார்ப்புகள் இருவர், யாகூப் சர்ரூஃப், ஃபாரிஸ் நிம்ர். பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியர்களாகி, 1876இலே 'அல் முக்ததஃப்' என்ற அறிவியல் திங்களிதழைத் தொடங்கினர். கொய்தெடுத்தவை என்பது பொருள். நீராவி எந்திரம், தந்தி, நோய்க்கிருமி, நட்சத்திரம், பயிர்த்தொழில் - எல்லாம் எளிய அரபு மொழியிலே! கேள்வி-பதில் பகுதியிலே கடைத்தெரு வணிகனும் கேட்டான், ஊர்ப்புறத்து ஆசிரியனும் கேட்டான்.

இந்தச் சூழலுக்குள்ளேதான் 1881இலே ஓர் இளைஞன் நுழைந்தான். பெயர் ஜுர்ஜி ஜைதான். வயது இருபது. தந்தை, பெய்ரூட்டிலே சிறிய உணவுக்கடை நடத்தியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகனும் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கடையிலே வேலை செய்தான். காலணி தைக்கும் தொழிலுக்கு அனுப்பினார்கள், உடல்நலம் ஒத்துக்கொள்ளவில்லை, மீண்டும் கடை. அந்தக் கடைக்கு உணவருந்த வந்தவர்களிலே கல்லூரி மாணவர்களும் இருந்தனர். தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டிய பையன், அவர்கள் பேச்சைக் கேட்டு நின்றான். இரவுப் பள்ளியிலே ஆங்கிலம் கற்றான். பிறகு, சில திங்களே இரவு பகலாகப் படித்து, மருத்துவப் பிரிவின் நுழைவுத் தேர்விலே வென்றான். எவ்வளவு பெரிய தாவல்! உணவுக்கடையிலிருந்து உடற்கூற்று அறைக்கு! அந்த இடத்தின் மதிப்பு, அதனை எளிதிலே பெற்ற செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. இவனுக்குத் தெரியும். இதனை மனத்திலே வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

டார்வின் நூல் வெளிவந்தது 1859இலே. கால் நூற்றாண்டுக்குள் அக்கருத்து பெய்ரூட் துறைமுகத்திலும் இறங்கிவிட்டது. வான் டைக்கின் மகன் வில்லியம், அவரும் கல்லூரியிலே ஆசிரியர். பெய்ரூட் தெருநாய்களைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் இனம் மாறிவரும் விதத்தை எழுதி டார்வினுக்கே அனுப்பினார். முதியவர் மகிழ்ந்தார், முன்னுரை ஒன்று எழுதி இலண்டன் விலங்கியல் கழகத்துக்குக் கொடுத்தார். 1882 ஏப்ரல் 18ஆம் நாள் அது அங்கே படிக்கப்பட்டது. மறுநாள், டார்வின் மறைந்தார். உலகையே உலுக்கிய அறிஞரின் கடைசி எழுத்துக்களில் ஒன்று, பெய்ரூட் தெருநாய்களைப் பற்றியது!

மூன்று திங்கள் சென்றன. ஜூலை 19. பட்டமளிப்பு விழா. வேதியியலும் நிலவியலும் கற்பித்த எட்வின் லூயிஸ் அரபு மொழியிலே உரையாற்றினார். அறிவு, அறிவியல், மெய்யுணர்வு - மூன்றுக்கும் வேறுபாடு என்ன என்பதே பொருள். பொறுமையோடு உண்மைகளைத் திரட்டி, அவற்றிலிருந்து கோட்பாட்டை வடித்தெடுக்கும் முறைக்கு எடுத்துக்காட்டாக டார்வினைக் குறிப்பிட்டார். கடவுள் இல்லை என்றாரா? இல்லை. விவிலியம் பொய் என்றாரா? இல்லை. இறுதியிலே, மெய்யுணர்வு இறைவனிடமிருந்தே என்றுதான் முடித்தார்! லூயிஸ் பகுத்தறிவாளரல்ல, பக்தர். ஆனால் பக்தருக்கும் மன்னிப்பில்லை - டார்வினைத் தூற்றாமல் பேசினாரே, அது போதாதா?

உரையை 'அல் முக்ததஃப்' அச்சிட்டது. பாதிரியார் ஒருவர் மறுப்பு எழுதினார், லூயிஸ் பதில் எழுதினார், விவாதம் வளர்ந்தது. நியூயார்க்கிலே இருந்த நிர்வாகக் குழுவினர் நெளிந்தனர். பணம் கொடுக்கும் பக்தர்கள் என்ன நினைப்பார்கள்? கடிதங்கள் கடல் கடந்தன. டிசம்பர்த் திங்களிலே முடிவு வந்தது: லூயிசின் பதவி விலகல் ஏற்கப்பட்டது. 'விலகல்' என்ற சொல்லின் நாகரிகத்தைக் கவனித்தீர்களா! தள்ளப்பட்டவன் விழும்போது, அவனாகவே குதித்தான் என்று எழுதி வைக்கும் நாகரிகம் அது.

மருத்துவ மாணவர்கள் எழுந்தனர். வகுப்புக்குச் செல்ல மறுத்தனர். அரபு மொழியிலே விண்ணப்பம் எழுதினர். எங்கள் ஆசிரியர் என்ன தவறு செய்தார், எங்களிடம் கேட்காமல் எங்கள் கல்வியிலே ஏன் கை வைத்தீர்கள் என்று கேட்டனர். நெடுநாள் குறையொன்றும் சேர்ந்துகொண்டது: அந்தக் கல்லூரிப் பட்டத்தை வைத்து மட்டும் துருக்கிய ஆட்சியிலே மருத்துவத் தொழில் நடத்த இயலாது, தலைநகருக்குச் சென்று மறுபடியும் தேர்வெழுத வேண்டும். இந்தக் குறையைத் தீருங்கள் என்றும் கேட்டனர். அந்தப் பகுதிக் கல்லூரி வரலாற்றிலே மாணவர்கள் ஒன்றுகூடி, எழுத்திலே கோரிக்கை வைத்துப் போராடிய முதல் நிகழ்ச்சிகளிலே இது ஒன்று.

நிர்வாகம் என்ன செய்தது? எல்லா நிர்வாகமும் செய்வதைச் செய்தது. மாணவரை ஒரு திங்கள் விலக்கி வைத்தது. மீண்டும் வர வேண்டுமா? வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றது.

இங்கேதான் அந்த உணவுக்கடைக்காரர் மகன் நிற்கிறான். இரண்டாமாண்டு மாணவன். எழுதிக் கொடுத்தால் மருத்துவன். இல்லையேல் மீண்டும் என்னவோ! வீட்டிலே செல்வமில்லை, வேறு கல்லூரிக்கு வழியில்லை. ஒரே ஒரு தாள், இரண்டே வரி, ஒரு கையெழுத்து. உடன் போராடியோரிலே சிலர் எழுதிக் கொடுத்தனர். அவர்களை ஏசுவதற்கு எனக்கு மனமில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த தந்தையின் முகம் அவர்கள் கண்முன் நின்றிருக்கும். ஜைதான் எழுதிக் கொடுக்கவில்லை. மருந்தியல் தேர்வு ஒன்றை எழுதி வென்றான். மருத்துவனாகும் கனவை மூட்டை கட்டிக்கொண்டு, 1883இலே கெய்ரோவுக்குக் கப்பலேறினான்.

வான் டைக்கும் அவர் மகன் வில்லியமும் கல்லூரியைத் துறந்தனர். தந்தை தம் மருத்துவத்தாலும் நூலாலும் அந்நகர மக்களுக்குத் தொண்டாற்றியபடியே பெய்ரூட்டில் வாழ்ந்து 1895இலே மறைந்தார். அரபு மொழியிலே மருத்துவம் கற்பித்தவர்கள் வெளியேற, அந்த 1880களிலேயே மருத்துவப் பிரிவின் பாடமொழியும் ஆங்கிலமாயிற்று. டார்வினை விரட்டப் போய், அரபு மொழியையும் சேர்த்து விரட்டிவிட்டனர்! மொழி மாற்றத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. இலக்கியப் பிரிவு இதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. எனினும் வான் டைக் இருந்திருந்தால் அந்த மாற்றம் அவ்வளவு எளிதாக நடந்திருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி. பேராசிரியர்கள் இன்ன இன்ன சமயக் கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும் என்ற விதியும் வந்தது. கடவுளே இல்லை என்று நம்பி வெளியேறலாம் என்ற 1871ஆம் ஆண்டுப் பேச்சு மாணவனுக்குத்தான், கற்பிப்பவனுக்கல்ல!

சர்ரூஃபும் நிம்ரும்? 1884இலே அவர்களுக்கும் வேலை போயிற்று. இதழையும் எடுத்துக்கொண்டு அவர்களும் கெய்ரோ சென்றனர். அங்கே 1889இலே நாளேடு ஒன்றும் தொடங்கினர். அது எகிப்தைப் பிடித்தாண்ட பிரிட்டிஷாருக்குப் பரிந்து எழுதிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அறிவியலிலே தெளிந்த கண், அரசியலிலே மங்கிற்று. ஆனால் 'அல் முக்ததஃப்' 1952 வரை வெளிவந்தது. அதே கல்லூரியிலே 1871இலே மருத்துவப் பட்டம் பெற்ற ஷிப்லி ஷுமய்யில், டார்வின் கொள்கைக்கு ஜெர்மானியப் பொருள்முதல்வாதி புஹ்னர் எழுதிய விளக்கத்தை 1884இலே அரபு மொழியிலே வெளியிட்டார். பெய்ரூட்டிலே ஒரு மேடைப் பேச்சிலே ஒரு பெயராக இருந்தது, எகிப்திலே முழு நூலாகவே வந்துவிட்டது.

பெய்ரூட் கல்லூரியிலே அமைதி திரும்பிற்று - கால் நூற்றாண்டுக்கு. 1908இலே துருக்கியிலே அரசியல் சட்டம் மீண்டது. அந்தக் காற்று வீசிய மறு ஆண்டு ஜனவரியிலே, தம் மதத்தைப் புண்படுத்துவதாகக் கருதிய சொற்பொழிவு ஒன்றையடுத்து, முஸ்லிம் மாணவர்கள் கட்டாய வழிபாட்டுக்கு வர மறுத்தனர். யூத மாணவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். முஸ்லிமும் யூதனும் தோளோடு தோள் நின்று, எங்களை வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தாதே என்று கேட்ட காட்சி! கல்லூரியை விட்டுப் போகவும் மாட்டோம், வழிபாட்டுக்கு வரவும் மாட்டோம் என்றனர். நிர்வாகம் அப்போது இறங்கி வரவில்லை. முதல் உலகப் போரின்போது அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 1920இலே 'புராட்டஸ்டண்டு' என்ற சொல் கல்லூரியின் பெயரிலிருந்தே நீங்கி, அது பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகமாயிற்று. 1871இலே கால்கோள் செய்த அந்தத் தலைமைக் கட்டடத்தை 1991 நவம்பரிலே குண்டு வைத்துத் தகர்த்தார்கள், மீண்டும் எழுப்பினார்கள்.

கெய்ரோ சென்ற ஜைதானுக்கு வருவோம். 1892இலே 'அல் ஹிலால்' - இளம்பிறை - என்ற இதழைத் தொடங்கினார். அரபு மக்களின் வரலாற்றை நாவல்களாக, ஏறத்தாழ ஆண்டுக்கொன்றாக எழுதிக் குவித்தார். 1902 முதல் 1906 வரை, இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். மருத்துவனாகாத மாணவன், வரலாற்றாசிரியனானார். அவர் நூலை ஐரோப்பிய அறிஞரும் எடுத்துப் படித்தனர். 1908இலே கெய்ரோவில் எகிப்தியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1910இலே, இஸ்லாமிய வரலாறு கற்பிக்க வருக என்று ஜைதானை அழைத்தது. உணவுக்கடையிலே தட்டெடுத்தவர், பட்டமே பெறாதவர், பல்கலைக்கழகப் பேராசிரியர்! ஒப்புக்கொண்டார். உரைகளையும் தயாரித்தார்.

எதிர்ப்புக் கிளம்பிற்று. கிறித்துவன் எப்படி இஸ்லாமிய வரலாறு கற்பிக்கலாம் என்றனர். பல்கலைக்கழகம் அஞ்சிற்று. அழைப்பு திரும்பப் பெறப்பட்டது.

பெய்ரூட்டிலே, கிறித்துவக் கல்லூரிக்கு, டார்வினைப் போற்றிய ஆசிரியருக்குப் பரிந்ததால் ஆகாதவரானார். கெய்ரோவிலே, கிறித்துவராகப் பிறந்ததால் ஆகாதவரானார். இரண்டு நகரம், இரண்டு மதம், ஒரே கதவடைப்பு! ஜைதான் 1914இலே, ஐம்பத்து மூன்றாம் வயதை எட்டும் முன்பே, மறைந்தார். தம் வரலாற்றை எழுத 1908இலே அமர்ந்தவர், கடைக்காரர் மகனாக வளர்ந்ததையும், நுழைவுத் தேர்வுக்குப் படித்த இரவுகளையும், அந்த 1882 டிசம்பரையும் விரிவாக எழுதினார். புகழ் பெற்ற கெய்ரோ வாழ்வுக்கு அதிலே இடமில்லை. அவர் தொடங்கிய இளம்பிறை இதழ், கெய்ரோவிலிருந்து இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது.